ஆயுத பூஜைப் பொரியும் வெள்ளலூர்க் காசும்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றித்தான் வருகின்றன. வேலை செய்கிற இடத்தில், விடுதியில், ஒறம்பரை வீட்டில் யாராவது நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? நான் இறையியல் படித்தவள் இல்லை. ஈரோட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு உட்காருகிறவள். அந்த இரண்டு பழக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லச் சொல்கிறார் பேதுரு. சொல்கிற உத்தரவு உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கர்த்தருக்காக என்றாலும் பொய் பேசக் கூடாது.

கேள்வி: ஸ்தோத்திரமுங்க டீச்சர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். ஆயுத பூஜை அன்று எல்லாரும் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைத்துச் சாமி கும்பிடுவார்கள். போன வருஷம் லீவு போட்டுவிட்டேன், ஓனருக்கு வருத்தம். இந்த வருஷம் கண்டிப்பாக வரச் சொல்கிறார். போகலாமா? பொரி கொடுத்தால் வாங்கலாமா?
*ஒரு சகோதரர், திருப்பூர்*

போங்க தம்பி. லீவு போட வேண்டாம். வருஷம் பூராவும் சோறு போடுகிற இடம். அன்றைக்கு நீங்கள் மட்டும் காணாமல் போனால், 'இவனுக்கு நம்ம மேல என்னமோ இளக்காரம்' என்றுதான் கூட வேலை செய்கிறவர்கள் நினைப்பார்கள்.

ஆனால் சூடம் காட்டுகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் 'நான் கும்பிட மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு வாரம் முன்னாடியே ஓனரைத் தனியாகப் பாருங்கள். 'வர்றனுங்க. கழுவித் துடைக்கிற வேலையெல்லாம் கூட நின்னு செய்யறனுங்க. சாமி கும்பிடற நேரத்துக்கு மட்டும் ஓரமா நின்னுக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க' என்று சொல்லுங்கள். நேரில் வந்து மரியாதையாகச் சொன்னதைப் பெரும்பாலான முதலாளிகள் ஏற்றுக்கொள்வார்கள். சொன்ன சொல்லை முந்தின நாள் காப்பாற்றுங்கள். ஊசிக்கு அடியில் அடைந்த பஞ்சையும் நூல் பிசிறையும் பிரஷ் வைத்து எடுத்து, கறுத்துப் போன எண்ணெயைத் துடைத்து, உங்கள் மெஷின் அந்த லைனிலேயே சுத்தமாக இருக்கட்டும். பக்கத்து மெஷின் அக்காவுக்கும் கை கொடுங்கள். கருவியை மதிப்பதிலும் பிழைப்புக்கு நன்றி சொல்வதிலும் நமக்கு எந்தத் தடையும் இல்லை. அந்த நன்றியை நாம் கர்த்தர் ஒருவருக்குத்தான் செலுத்துவோம். அதனால் பொட்டும் சூடமும் வேண்டாம்.

ஓரமாக நிற்பதே தப்பு என்று சபையில் யாராவது சொன்னால், இரண்டாம் இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் ஊருக்குத் திரும்பப் போகிறான். அங்கே அவன் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது இவன் கையில்தான் சாய்ந்து நிற்பான். அப்போது தானும் குனிய வேண்டிவருமே, கர்த்தர் மன்னிப்பாரா என்று கலங்குகிறான். தீர்க்கதரிசி எலிசா அவனை வேலையை விடச் சொல்லவில்லை. 'சமாதானத்தோடே போ' என்று அனுப்பினார்.

பொரிக்கு வருவோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம், விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடலாம் என்கிறார். ஆனால் 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால், அப்படிச் சொன்னவருக்காகச் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார். ஆகவே பூஜைத் தட்டிலிருந்து பிரசாதம் என்று எடுத்துத் தந்தால், 'எனக்கு வேண்டாமுங்க' என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் எல்லாருக்கும் போனஸோடு தருகிற ஸ்வீட் பாக்ஸ், பொரி கடலைப் பொட்டலம் ஓனர் தன் ஆட்களுக்குத் தருவது. அதை இரண்டு கையாலும் வாங்கி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பொட்டலத்தையும் வாங்க மாட்டார். நான் வாங்குவேன். சாப்பாட்டு விஷயத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லாதீர்கள் என்கிற ரோமர் 14-ஐப் படித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம் தம்பி, கிறிஸ்துமஸுக்கு அந்த லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக் கொண்டு போங்கள். ஓனருக்கு முதலில்.

கேள்வி: கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ரூம்மேட் நன்றாகப் படிக்கிறவன். 'இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை, வெள்ளைக்காரன் ஆளுவதற்காகக் கொண்டுவந்த கதை' என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை, கோபம்தான் வருகிறது.
*மாணவர், பீளமேடு*

கோபத்தை ஓரமாக வை கண்ணு. நீ இருக்கிற ஊரே இதற்குப் பாதி பதில் சொல்லும். சிங்காநல்லூர் தாண்டினால் வெள்ளலூர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியு என்கிற இரண்டு இராயர்களின், அதாவது ரோமப் பேரரசர்களின், தலை பொறித்தவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து கொங்கு நாட்டுக்குள் வந்த வியாபாரம் அது. நொய்யல் கரையில் கொடுமணல் வரைக்கும் அந்தப் பாதை தெரிகிறது. நம் கல்மணிகள் அந்தப் பக்கம் போயின, அவர்கள் வெள்ளி இந்தப் பக்கம் வந்தது.

இப்போது லூக்கா 2-ஐயும் 3-ஐயும் படி. இயேசு பிறந்தது அகஸ்டஸ் காலத்தில். யோவான் ஸ்நானகன் பிரசங்கிக்கத் தொடங்கியது திபேரியு ஆண்ட 15-ஆம் வருஷத்தில், பொந்தியு பிலாத்து யூதேயாவில் தேசாதிபதியாக இருந்தபோது. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி, 'இதில் இருப்பது யாருடைய தலை' என்று கேட்டாரே, அது திபேரியு காசாக இருந்திருக்கும் என்பதுதான் பல அறிஞர்களின் கருத்து. அதே இராயனின் காசு வெள்ளலூர் மண்ணிலும் கிடந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

காசு கிடைத்ததால் சுவிசேஷம் நிரூபணமாகிவிட்டது என்று ரூம்மேட்டிடம் சொல்லாதே, அது நியாயமில்லை. இதிலிருந்து தெரிவது இவ்வளவுதான்: சுவிசேஷம் 'ஒரு காலத்தில், ஒரு ஊரில்' என்று தொடங்கவில்லை. ஆண்ட இராயனின் பெயரும் ஆண்ட வருஷமும் போட்டு, விசாரித்துப் பார் என்கிறது. விசாரித்தும் இருக்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவரே 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திபேரியு காலத்தில் பிலாத்துவால் கொல்லப்பட்டவர் கிறிஸ்து என்று எழுதி வைத்திருக்கிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதை எழுதுகிறார். பிலாத்துவின் பெயர் வெட்டிய கல்லே 1961-ல் செசரியாவில் கிடைத்தது. இயேசு வாழ்ந்ததை, நம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அவர் உயிர்த்தெழுந்தார் என்பது அடுத்த படி. அதைக் கல்வெட்டால் காட்ட முடியாது. ஆனாலும் யோசிக்க இடமிருக்கிறது. கல்லறை காலியாக இருப்பதை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷமும் சொல்கின்றன. பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. ஜோடித்த கதையென்றால் பேதுருவையோ யோவானையோ அல்லவா முதலில் நிறுத்தியிருப்பார்கள்? பவுல் கொரிந்தியருக்கு எழுதியது சிலுவைக்குச் சுமார் 25 வருஷத்துக்குப் பிறகு. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்?

வெள்ளைக்காரன் விஷயத்தில் உன் ரூம்மேட் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள். கோயம்புத்தூரில் 1830-ல் லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கிய ஆடிஸ் வெள்ளைக்காரர். ஈரோட்டில் ஒரு சாலைக்கும் ஆலயத்துக்கும் பெயராக நிற்கிற பிரப் ஆஸ்திரேலியர். சத்தியமங்கலம் பக்கம் 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்த யேசு சபைக் குருமார்களும் ஐரோப்பியர்கள்தான். ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம் பார். கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்கிற கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் நிலமும் உரிமையும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. ஆண்டு கி.பி. 849. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். நடுவில் எத்தனை நூற்றாண்டு என்று அவனையே கணக்குப் போடச் சொல். இயேசு பிறந்த பெத்லகேமும் ஆசியாவில்தான் இருக்கிறது.

கேள்வி: யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அனுப்பலாமா?
*பெருந்துறை வாசகி*

அனுப்பாதீர்கள். அது பொய். 1970 வாக்கிலிருந்தே சுற்றுகிற கதை. அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நாசாவே மறுத்திருக்கிறது. இன்றைய கோள்களின் நிலையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், விட்டுப்போன நாள் ஒன்று தானாக வெளியே வராது. அதற்கு, அந்த நாளுக்கு முன்னால் கோள்கள் எங்கே இருந்தன என்று யாராவது தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்தால், அடுத்து நீங்கள் சிலுவையைப் பற்றிச் சொல்வதையும் அதே கணக்கில்தான் சேர்ப்பான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், தவறான செய்தி என்று இன்னொரு வரி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: டீச்சர், என் வீட்டுக்காரருக்குக் கேன்சர். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், சுகமாகிவிட்டது, மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் என்றார். கொஞ்ச நாள் நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் போய்விட்டார். எழவுக்கு வந்த என் அண்ணன், 'இத்தனை ஜெபம் பண்ணுனீங்களே, உங்க சாமி எங்க போச்சு' என்று கேட்டுவிட்டார். நான் விசுவாசத்தில் குறைந்துபோனேனா? அவருக்கு என்ன பதில் சொல்ல?
*பெயர் வேண்டாம், கோபி*

அம்மிணி, உன் கடிதத்தை நானும் என் வீட்டுக்காரரும் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்று. நீ விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் செய்தது பெரிய தப்பு. அதை எந்த வசனத்தைக் காட்டியும் நான் நியாயப்படுத்த மாட்டேன், நீயும் அவருக்காகப் பரிந்து பேச வேண்டாம். உங்கள் ஆயரிடம் போய், நடந்ததை அப்படியே சொல். அந்த ஆளை இன்னொரு வீட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது ஆயரின் கடமை. வேதத்தில் வைத்தியம் அவிசுவாசம் இல்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கின கைகள் அவை. அந்தக் கைகளுக்குக் கீழேயும் எல்லாரும் எழுந்து நடக்கவில்லை. பவுல் தன் உடம்பிலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வைத்த புத்தகத்தைத்தான் நாம் நம்புகிறோம்.

பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. உன் வாசலில் வந்து யாராவது பாவக் கணக்குச் சொன்னால் யோவான் 9-ஐக் காட்டு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான், புலம்பின யோபு மேல் இல்லை. நீயும் புலம்பு. 88-ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான் கண்ணு.

உன் அண்ணனுக்கு வருகிறேன். மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். துக்கத்தில் கேட்டார். அவரிடம் வேத பாடம் நடத்தாதே. 'ஏன்னு எனக்கும் தெரியலீங்ணா' என்று சொல். அது உண்மை. அப்புறம், அவர் கேட்க மனமிருந்தால், உனக்குத் தெரிந்ததைச் சொல். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். சாவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாத சாமி நம் சாமி. அதே சாவுக்குள் தாமே இறங்கி, மூன்றாம் நாள் வெளியே வந்தவர். உன் வீட்டுக்காரரை அவரிடம்தான் விட்டிருக்கிறோம்.

மாரியம்மன் நோம்பிக்குத் தவறாமல் கம்பம் சுற்றுகிற பக்கத்து வீட்டு அக்கா, நீ சமைக்காமல் கிடந்த நாளெல்லாம் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்து, நீ சாப்பிடுகிற வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறாயே. 'உங்க சாமி எங்க போச்சு' என்ற கேள்விக்கு நான் அந்தத் திண்ணையையும் காட்டுவேன். அந்த அக்காவை உன்னிடம் அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: ஆபீஸில் ஒருவர் கேட்கிறார்: 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லைன்னு சொல்றீங்க, ஆனா கல்யாணத்துக்குச் சாதி பார்க்கிறீங்க, கல்லறையிலும் பார்க்கிறீங்க. சலுகைக்கும் பணத்துக்கும்தானே மாறுறாங்க?'
*சேலம் வாசகர்*

முதல் பாதிக்கு 'ஆமாங்க, பார்க்கிறோம்' என்று சொல்லுங்கள். சமாளிக்காதீர்கள். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டே போனார்கள். இன்றைக்கும் வரன் தேடும்போது நம் வீடுகளில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இது கிறிஸ்துவுக்கு விரோதமான பாவம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதர்கள் சிலர் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். பேதுருவுக்கே அந்தக் கண்டிப்பு என்றால் நமக்கு எவ்வளவு வேண்டும்? அந்த நண்பர் கேட்டது நமக்குத் தேவையான கேள்வி. அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இரண்டாம் பாதியில் அவருக்குத் தகவல் குறைவு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்த இட ஒதுக்கீட்டை இழக்கிறார். சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். ஞானஸ்நானம் எடுத்ததால் சலுகையை விட்டுக்கொடுத்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். யாராவது அரிசியும் பணமும் காட்டி ஆள் சேர்த்தால், அது நமக்கும் வெட்கக்கேடு. அதைக் கண்டிப்பதில் நாம்தான் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

கேள்வி: எல்லா ஆறும் கடைசியில் ஒரே கடலுக்குத்தானே போகிறது? இயேசு மட்டும்தான் வழி என்பது அகங்காரம் இல்லையா என்று என் தோழி கேட்கிறாள்.
*பொள்ளாச்சி வாசகி*

உங்கள் ஊர் ஆழியாறு மேற்கே பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. அமராவதியும் நொய்யலும் கிழக்கே காவிரிக்குப் போகின்றன. ஆறுகளைப் பற்றியே அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாதபோது, அவள் மதத்தையும் என் மதத்தையும் படிக்காமலே ஒன்று என்று சொல்வது இரண்டுக்கும் மரியாதை இல்லை. மறுபிறவி உண்டு என்று அவள் நம்புகிறாள். ஒரே தரம் வாழ்ந்து, பிறகு உயிர்த்தெழுவோம் என்று நான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றல்ல, உட்கார்ந்து பேசலாம்.

'நானே வழி' என்று சொன்னது இயேசு, நாம் இல்லை. அவர் சொன்னதைச் சொல்வதால் நாம் உயர்ந்தவர்கள் ஆகிவிடமாட்டோம். வழி தெரியாமல் நின்றவர்களுக்குத்தானே வழி காட்டினார்? தோழியிடம் இதைச் சொல்லிவிட்டு, அவள் என்ன நம்புகிறாள், ஏன் நம்புகிறாள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள்.

கேள்வி: 'எல்லாத்தையும் கடவுள் படைச்சார்னா, கடவுளை யார் படைச்சாங்க?' என்று என் ஏழு வயது மகன் கேட்கிறான். அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.
*பவானி வாசகி*

அதட்டாதீங்க அம்மிணி, நல்ல கேள்வி. தொடக்கம் உள்ளதற்குத்தான் தொடங்கி வைத்தவர் ஒருவர் வேண்டும். கடவுளுக்குத் தொடக்கம் இல்லை என்று சொல்லுங்கள். 'அது எப்படி?' என்று அடுத்த கேள்வி உடனே வரும். எனக்கும் முழுக்கப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, 90-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். இன்னும் கேட்டால், உங்கள் சபை ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடம் அனுப்புங்கள். அவர்களும் அதட்டினால் எனக்கு எழுதுங்கள்.